வாகிமானுக்குக் காற்று புகுந்த கதை

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பாத்தாம் தீவில், கப்பல் கட்டும் தளத்தின் வாசல் டீக்கடையில். சொன்னவன் அந்தத் தளத்துத் தொழிலாளி போனிரான். யாருக்கு என்ன நோவு என்றாலும் "உடம்புல காத்து புகுந்துடுச்சு" என்பான். தைலம் தடவி, காசால் முதுகைச் சிவக்கச் சுரண்டிவிடுவான். இதற்கு என் முதுகே சாட்சி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'செங்கதிரோன் இரும்புத் தளத்தின் மீது...' சீ, வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

2.
உச்சி வெயில். கப்பலின் மேல்தளத்தில் பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டர் வாகிமான் தள்ளாடி விழுந்தான். வியர்வை நின்றுபோயிருந்தது. உடம்பு தோசைக்கல்லாய்ச் சுட்டது.

போனிரான் அவனுடைய உயிர் நண்பன். பதறிப்போனான்.

"காத்து புகுந்துடுச்சுடா! ஜாக்கெட் குடுங்கப்பா!"

நாலு ஜாக்கெட் வந்தது. (இந்த வெயிலில் ஜாக்கெட் ஏது என்று கேட்காதீர்கள். பைக்கில் வரும்போது நெஞ்சில் காற்று புகுந்துவிடக் கூடாதே!) நாலையும் போர்த்தினார்கள்.

"எப்படிடா இருக்கு?"

"என் பொண்டாட்டி... கிரேன் மேல துணி காயப்போடுறா பாரு."

"பிதற்றுறான்! இஞ்சி டீ கொண்டாங்க, நல்லா கொதிக்கக் கொதிக்க!"

3.
பாதுகாப்பு அதிகாரி ரெத்னோ வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். [முதல் பிரதியில் இவள் சாந்தமானவள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தவிட்டேன்.]

"யோவ், அது காத்து இல்லய்யா, வெயிலு! ஜாக்கெட்ட உருவுங்க! தண்ணிய ஊத்துங்க!"

"காய்ச்சக்காரன் மேல பச்சத்தண்ணியா? செத்துருவான்மா!"

"ஊத்தலேன்னாத்தான் செத்துருவான்!"

போனிரான் ஜாக்கெட்டுகளை இன்னும் இறுக்கிப் போர்த்தினான். இதுவரை அவன் சுரண்டிய முதுகெல்லாம் எழுந்து நடந்து போனவைதான். அவனுடைய பாசத்தில் ஒரு குறையும் இல்லை. வாகிமானைக் கொல்லப் பார்த்தது அந்தப் பாசம்தான்.

4.
முடிவு அ: தண்ணீரை ஊற்றினார்கள். வாகிமான் கண் விழித்து, இஞ்சி டீயில் சர்க்கரை இல்லை என்று சண்டைக்கு வந்தான். எனக்குப் பிடித்த முடிவு.

முடிவு ஆ: டீ வந்து சேர்வதற்குள் வாகிமான்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

"அப்புறம் என்னய்யா ஆச்சு?" என்று டீக்கடையில் கேட்டேன். போனிரான் கையிலிருந்த சுரண்டும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே, வாசகரே, ஆளை அப்படியே மேல்தளத்தில் விட்டுவைத்திருக்கிறேன். நாலு ஜாக்கெட்டும் அவன்மேல்தான் இருக்கின்றன. வாளி உங்கள் காலடியில். கதை முடியட்டும் என்றா காத்திருக்கிறீர்கள்? ஊற்றுங்கள்!