ஒன்றரைப் புள்ளி

தொங்குரயிலில் இருந்து இறங்கி விளையாட்டரங்கின் வாசலுக்கு வருவதற்குள் பீலிக்ஸின் மனைவி பிளோறன்ஸ் மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"அப்ப, நூறு வர வேணுமோ?"

"அது ஊனத்துக்கு அட்டை குடுக்கிற கந்தோர்க் கணக்கு. இஞ்ச ஒண்டரை வந்தால் காணும்," என்றான் பீலிக்ஸ்.

"ஏலாத ஆளுக்குக் கந்தோரிலை கூடின நம்பர், இஞ்ச குறைஞ்ச நம்பரோ? தலைகீழாய்க் கிடக்கு."

"ஓம். அதை வாசலிலை வச்சுச் சொல்லாதையும்."

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில், உடல் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து நாலரை வரை புள்ளி கொடுப்பார்கள். களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை பதினாலரையைத் தாண்டக்கூடாது. அதனால்தான் இடுப்பில் பலமில்லாதவனும் ஒவ்வொரு அணிக்கும் தேவைப்படுகிறான். ஆரம்ப காலத்தில், போரில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள் மருத்துவமனைகளில் விளையாடத் தொடங்கியபோது, மேசையில் படுக்கவைத்து, முறிவு எந்த எலும்பில் என்று பார்த்தே வைத்தியர்கள் பிரித்தார்கள். ஒரே இடத்தில் முறிந்த இருவர் ஒரே மாதிரி ஆடுவதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். குனிந்தவன் கையூன்றாமல் நிமிர்கிறானா என்று முக்கியமாகக் கவனிப்பார்கள்; நிமிர்ந்தால் புள்ளி கூடும்.

பீலிக்ஸின் அணியில் மற்ற நால்வருக்கும் சேர்த்துப் பதின்மூன்று. மிச்சம் ஒன்றரை. தற்காலிகமாக அவனுக்குக் கொடுத்திருந்ததும் அதுதான். இன்றைய ஆட்டத்தைப் பார்த்து இரண்டு என்று எழுதிவிட்டால், அவனுக்கு ஓரத்து வாங்கில் இருந்து பார்ப்பதுதான்.

மன்னாரில் ஷெல் விழுந்து அவன் முதுகு முறிந்து பதினாறு வருடம். போன மாசியில், சமையலறையில் விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தவன் கையூன்றாமல் நிமிர்ந்துவிட்டான். பிளோறன்ஸ் அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். பிறகு "இன்னொருக்கா" என்று கரண்டியைக் கீழே போட்டாள். ஒன்பது தடவை போட்டாள்.

முதல் பாதி முழுவதும் குனிந்த ஒவ்வொரு முறையும் அவன் தொடையில் கையை ஊன்றியே நிமிர்ந்தான். புள்ளி போட வந்து கோட்டுக்கு வெளியே நின்ற நரைத்த தலைப் பெண் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பிடரி சுட்டது. தண்ணீர் குடித்தும் தணியவில்லை.

இடைவேளையில் பிளோறன்ஸ் படியிறங்கி வந்தாள்.

"ஏன் கையை ஊண்டிறியள்? நோகுதோ?"

"இல்லை."

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு எண்டு எழுதினால், அடுத்த கிழமை நான் உம்மோடை இருந்துதான் பாக்க வேணும்," என்றான்.

"இருங்கோவன். கதிரையும் நீங்களே கொண்டுதானே வாறியள்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மூன்றாவது கால்பகுதியில் பந்து ஒன்று யார் கைக்கும் அகப்படாமல் அவன் இடச்சக்கரத்தை நோக்கி உருண்டு வந்தது. குனிந்தான். நெஞ்சு முழங்காலில் அழுந்தியது. பந்து இடக்கை விரல்களுக்குள் வந்தது. தரைக்கு வெகு அருகில், கோட்டின் விளிம்பில், அந்தப் பெண்ணின் வெள்ளைச் சப்பாத்துகள் இரண்டடி முன்னால் வந்து நின்றன. அவனுடைய வலக்கை தொடைக்கு ஒரு சாண் மேலே, விரல்கள் விரிந்தபடி, அந்தரத்தில் நின்றது. முதுகின் அடியில் எங்கோ ஒரு தசை, அவனை நிமிர்த்த, தானாகவே துடிக்கத் தொடங்கியது.