பாஸ்வேர்டு கேட்காத பக்கம்

அந்த ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் நோண்டி. ஒழுங்காக ஓடுகிற புரோகிராமைக்கூட விடமாட்டாள். "இங்க வேற எதையாவது குடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டே உயிரை வாங்குவாள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் வெப்சைட்டைச் சோதிக்கும் வேலை அவள் தலையில் விழுந்ததும் அதனால்தான்.

லாகின் பகுதி பழைய பிஎச்பி மொழியில் எழுதியது. வந்த பாஸ்வேர்டும் சேமித்த பாஸ்வேர்டும் ஒத்துப்போனால், இரண்டையும் ஒப்பிடும் ஃபங்ஷன் என்கிற குட்டி நிரல் பூஜ்யம் தரும். பூஜ்யம் வந்தால் உள்ளே விடலாம். சரி, பாஸ்வேர்டாக ஒரு சொல் வராமல் ஒரு அரே, அதாவது ஒரு பட்டியலே, வந்தால்? அனுப்பிப் பார்த்தாள். ஃபங்ஷன் திருதிருவென்று முழித்து, பதிலே இல்லையென்று கையை விரித்தது. அதற்கு அடுத்த வரி இருக்கிறதே, மகா புத்திசாலி! சமக்குறி இரண்டே இரண்டு இருந்தால் பிஎச்பி கறாராக ஒப்பிடாது என்பதால், பதில் இல்லாததையும் பூஜ்யமாக எண்ணிக் கதவைத் திறந்துவிட்டது.

யார் கணக்கானாலும் இதே கதை. அதுவும் மேனேஜர் அன்று காலைதான் நிஜ நோயாளிகளின் விவரத்தை அப்படியே சோதனைக் கணினியில் இறக்கியிருந்தார். பொய் விவரம் தயாரிக்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

நோண்டியின் அக்கா போன வாரம் அந்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் ரத்தம் கொடுத்தாள். "ரிசல்ட் என்னக்கா?" என்று கேட்டதற்கு, "உன் பொண்ணுக்குச் சளி எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றினாள். பதில் வராததையே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு இவளும் போனை வைத்துவிட்டாள்.

அக்காவின் மொபைல் எண்தான் பயனர் பெயர். அடித்தாள். என்டர் ஒன்றுதான் பாக்கி. தெரியாவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் அக்கா சொல்லாததைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

எண்ணை அழித்தாள். புரோகிராமைத் திறந்து, பாஸ்வேர்டு வாங்கும் இடத்தில் சொல் மட்டுமே வரலாம் என்று ‘ஸ்ட்ரிங்’ வகையை எழுதினாள், கறாராக ஒப்பிடச் சமக்குறியை மூன்றாக்கினாள். மறுபடி அரேயை அனுப்பியதும் லாகின் பிழை காட்டி நின்றுவிட்டது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உடைச்சிட்டியா?"

"இல்ல சார், இப்பதான் பூட்டினேன். அந்த நிஜ டேட்டாவை அழிச்சிடுங்க. எனக்கே கை அரிக்குது."

வராந்தாவுக்குப் போய் அக்காவை அழைத்தாள்.

"அக்கா, என் பொண்ணு நல்லா இருக்கா. ரிசல்ட் என்ன? நீ சொல்ற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தத் தடவை அவள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தாள்.

"நீ லீவு போட்டுட்டு வர முடியுமாடி?" என்றாள் அக்கா.