விளாவிய வெந்நீர்

காரின் கதவைத் திறந்ததும் நந்தகுமாரின் அப்பா கருப்பண்ணன் குறுக்கே வந்து நின்றார். "ஊட்டுக்குள்ள வேண்டாம் சாமி. நேரா மயானத்துக்கே போயிரலாம். குழி வெட்டியாச்சு."

நந்தகுமார் அப்பாவுக்குத் தலையாட்டினான். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அவன் மனைவி தேவிப்ரியா நாலு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஜேடர்பாளையம் வரும்வரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிள்ளையின் தலையில் கம்பளிக் குல்லா இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து, கொளுத்துகிற வெயிலிலும் அதைக் கழற்றியதில்லை.

பிள்ளை சரவணமுத்து பிறக்கும்போதே பின்மண்டை எலும்பு ஓரிடத்தில் மூடாமல், அதன் வழியே மூளையின் சவ்வு பிதுங்கி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாக நின்றது. அந்தத் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட மாரியக்கா வந்துவிடுவாள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, தலையை உருட்டி, மூக்கை நீவிவிட்டுத்தான் துண்டில் சுற்றித் தருவாள். இந்தத் தலையைப் பார்த்ததும், "எனக்குக் கை நடுங்குதுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவளைச் சொல்லி என்ன, பெற்ற அப்பன் நந்தகுமாரே அங்கே தொட்டதில்லை. லாரிப் பட்டறையில் இரும்பைப் பிடித்துப் பழகிய கை எதையாவது உடைத்துவிடும் என்று அவனுக்குப் பயம். தேவிப்ரியா ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே வளர்த்தாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சில பிள்ளைகள் ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகின்றன, சிலதுக்குக் காயம் ஆறினாலும் உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது, முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். கட்டியை எடுத்தார்கள். தையலும் நன்றாக ஆறியது. இனி தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நர்ஸ் சொன்ன வாரமே நீர் கோத்தது. அதை வடிக்க டியூப் வைத்தார்கள். காய்ச்சல் வந்து, கிருமி மூளைக்கு ஏறி, இன்று காலையோடு எல்லாம் முடிந்தது. அறுத்ததெல்லாம் வீண்தானே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான் நந்தகுமார்.

"நீ எறங்கிக்க தேவி. நாங்க பாத்துக்கறோம்," என்றான்.

அவள் பிள்ளையோடு இறங்கி, நேராகப் புறக்கடைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

"பச்சப் பிள்ளைக்குச் சடங்கெல்லாம் இல்ல அம்மிணி," என்றார் கருப்பண்ணன்.

"சடங்கில்லீங்க மாமா. எம் பையனுக்கு ஒருநாக்கூடத் தலைக்குத் தண்ணி ஊத்துனதில்லீங்க."

ஊர் வழக்குக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற மனிதர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

தேவிப்ரியா சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளையைப் போடத் தெரியவில்லை, ஒருபக்கமாக வழுக்கியது. வேலியோரம் நின்ற மாரியக்கா அருகே வந்து உட்கார்ந்தாள்.

"கமுத்துப் போடோணும் கண்ணு. எங்கிட்டக் குடு."

"சொல்லிக் குடுங்கக்கா. நானே ஊத்தறேன்."

தேவிப்ரியா குல்லாவைக் கழற்றினாள். நந்தகுமார் வேறுபக்கம் பார்க்க நினைத்தான், முடியவில்லை. கட்டி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தழும்பு. அதைச் சுற்றிப் புதுமுடி முளைத்திருந்தது.

"பாருங்க. எத்தன உருண்டையா இருக்குதுன்னு."

அவன் குனிந்து உள்ளங்கையை அங்கே வைத்தான். தலை அவன் கைக்குள் அடங்கியது. அத்தனை நாளும் இதைத் தொடாமல் இருந்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி கொண்டாங்க," என்றாள் தேவிப்ரியா.

மயானம் போய் வருகிறவர்களுக்காக வாசல் அடுப்பில் அண்டா காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாளி மொண்டு வந்து வைத்தான். மாரியக்கா விரலை விட்டாள்.

"சூடு சாஸ்தி சாமி. பிள்ளை தாங்காது, வெளாவு."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேவிப்ரியா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நந்தகுமார் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, கையை விட்டுப் பார்த்தான். இன்னும் ஒரு செம்பு ஊற்றினான். கலக்கிவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு வாளியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இப்ப போதுமான்னு பாரு."