இன்ஷிராஹ் போட்டுவிட்ட ஊசி

எகிப்தின் மன்சூரா நகர ஆஸ்பத்திரியின் அந்த அறையில் இருந்தவர்கள் நாலே பேர். கட்டிலில் ஷவ்கி, அவனை ஒட்டி மனைவி நவால், சன்னலோரம் அவனை வளர்த்த அக்கா இன்ஷிராஹ், கால்மாட்டில் டாக்டர் வஜ்தி. வேறு எவரும் இல்லை.

குடல்வால் வெடித்து, வயிற்றைத் திறந்து கழுவிய பிறகும் ஷவ்கிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வயிற்றில் செருகியிருந்த குழாயில் சீழ் வந்துகொண்டே இருந்தது. இன்ஷிராஹின் பார்வை அதில் இல்லை. தம்பியின் விரல்கள் நவாலின் கைக்குள் இருந்தன. தாயில்லாப் பிள்ளைக்கு ஊட்டி வளர்த்த கை சும்மா கிடக்க, நேற்று வந்தவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோழி சூப்பை அந்தப் பக்கம் வைங்கக்கா, இப்ப ஆகாது" என்றாள் நவால்.

"அவன் வயிறு எனக்குத் தெரியாதா?"

"அதைத்தான் டாக்டர் தொறந்தே பார்த்துட்டாரே!"

"சண்டை அப்புறம்" என்றார் டாக்டர். "போடுற மருந்து கேக்கலை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன், முடிவு வர்ற வரைக்கும் இவர் தாங்கணும். சமீபத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாரா?"

"இல்லவே இல்லை டாக்டர். சளின்னா எலுமிச்சையும் தேனும்தான். என்னைக் கேக்காம அவர் எதுவும் செய்யமாட்டார்."

அந்தக் கடைசி வார்த்தை இன்ஷிராஹைச் சுட்டது.

"உன்னைக் கேக்காமலா? சளி பிடிச்சா அவன் ஏறி வர்றது என் வீட்டுப் படியைத்தான்டி! கீழே மருந்துக்கடையில மூணு மருந்து கலந்து ஊசி போடுவாங்களே, அதை வாங்கிட்டு வந்து இந்தக் குளிர்காலம் பூரா நான்தான் போட்டுவிட்டேன். 'நவால்கிட்ட சொல்லிடாதக்கா'ன்னு கெஞ்சுவான்."

நவாலின் கை கணவன் விரல்களை விட்டது. இன்ஷிராஹின் தோள் நிமிர்ந்தது.

"அதுல ஆன்டிபயாடிக் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லாமலா? இருக்கறதுலயே நல்லதாக் கலக்கச் சொல்வேன்."

"சளிக்கு அது தேவையே இல்லை. அந்த மருந்துக்குச் சாகாத கிருமிதான் இவர் குடல்ல மிஞ்சியிருக்கும். நாங்க போடறதும் அதே வகைதான்."

டாக்டர் வாசலுக்குப் போய், மருந்தை மாற்றச் சொல்லி நர்ஸுக்குக் குரல் கொடுத்தார். இன்ஷிராஹ் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் ஏன்க்கா சொல்லலை?"

"என்கிட்ட மட்டும் சொல்றதுன்னு அவனுக்கு ஒண்ணாவது இருக்கட்டும்னுதான்."

புது மருந்தில் காய்ச்சல் மெல்ல இறங்கியது. கண் திறந்த ஷவ்கி நவாலிடம்தான் தண்ணீர் கேட்டான். இன்ஷிராஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொறாமையில் அக்காக்காரி ஊசியில் எதையோ கலந்துவிட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். அவள் எதையும் கலக்கவில்லை. அந்தத் தெருவில் சளி பிடித்த எல்லோருக்கும் மருந்துக்கடையில் போடும் அதே ஊசிதான் அது.