பிரித்துப் பார்த்தவர்

என் தம்பி கிர்க் என்னை ‘வாடிக்கையாளர்’ என்று எழுதியிருந்ததை, ஹெய்ன்ஸ் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுத் தொட்டியில் புரொபேன் எரிவாயு நிரப்பிவிட்டு வண்டிக்குள் வந்து உட்கார்ந்தபோது படித்தேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பல்லால் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டு, கட்டைவிரலால் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். ‘வாடிக்கையாளரின் வீட்டாருக்கு நேர்ந்ததற்கு மனமார வருந்துகிறேன். ஆனால் திருகுகளைக் கழற்றிப் பிரித்து மாட்டிய கத்திக்கும், சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் கையில் அது என்ன ஆகும் என்பதற்கும் நாங்கள் பொறுப்பேற்க இயலாது.’ கீழே கிர்க் ஹாவ்லி என்று முழுப்பெயர். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்து வளர்ந்தவன் எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். பண்ணைக்காரரின் நாய் வண்டிச் சக்கரத்தில் காலைத் தூக்கிவிட்டுப் போனது.

கத்திகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. நானும் அதில் பல வருடமாகக் கிடக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். வளர்ந்த ஆண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஒரு மடக்குக் கத்தி எவ்வளவு வழுக்கென்று திறக்கிறது, மூடினால் அலகு பிடிக்கு நட்டநடுவில் நிற்கிறதா, ஓரமாகச் சாய்கிறதா என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். புதுக் கத்தி வாங்கினால் ‘உபயோகித்தவர் கருத்து’ எழுதுவது எங்கள் வழக்கம். எங்களில் ஒருவன்கூடப் புதுக் கத்தியைச் சும்மா விடமாட்டான். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே திருகுகளைக் கழற்றி, துண்டு துண்டாகத் துணியில் பரப்பி, எண்ணெய் போட்டு, படம் பிடித்துவிட்டுத்தான் சாப்பாடு. ‘கழற்றினால் நாங்கள் பொறுப்பல்ல’ என்று எல்லாக் கம்பெனிக்காரர்களும் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சீட்டின் மேல்தான் திருகுகளை வரிசையாக வைப்போம்.

கிர்க் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கத்தி செய்கிறவன். கைவேலையில் கெட்டிக்காரன், அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். இரண்டு வருடம் முன்பு ஒரு பெரிய கம்பெனி அவனைத் தேடி வந்தது. வடிவம் இவனுடையது, ஆயிரக்கணக்கில் செய்து விற்பது அவர்களுடையது, அலகில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். கூட்டுத் தயாரிப்பு. கத்திக்கு ‘மேக்பை’ என்று பெயர் வைத்தான், எங்கள் ஊர் வேலிகளில் உட்கார்ந்து கத்தும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவையின் பெயர். முதல் பெட்டி வந்த அன்று எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான்.

“அண்ணே, இதைப் பத்தி மன்றத்துல நீ எழுதணும்” என்றான். அவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால்தான் நான் அண்ணன், மற்ற நேரமெல்லாம் வெறும் லாயிட்.

“தம்பி செஞ்ச கத்தியை அண்ணன் புகழ்ந்தா எவன்டா நம்புவான்?”

“அண்ணன்னு ஏன் சொல்றே? அங்க உன் பேரு ‘புரொபேன்காரன்’தான, யாருக்குத் தெரியும்? பிரிச்சு உள்பக்கம் படம் போடு. எவ்ளோ சுத்தமா செஞ்சிருக்காங்கன்னு ஆளுங்க பாக்கட்டும்.”

எழுதினேன். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்றே சொல்ல வேண்டும். ‘முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டேன், உள்ளே ஒரு பிசிறு இல்லை, பூட்டு பாறை மாதிரி நிற்கிறது’ என்று பத்து படம் போட்டு எழுதினேன். அதைப் படித்துவிட்டு வாங்கியதாக ஐடஹோவிலிருந்தும் ஒஹையோவிலிருந்தும் ஆட்கள் நன்றி சொன்னார்கள். கிர்க் சந்தோஷத்தில் ஒரு பெட்டி பியரை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனான். பொய் ஒன்றும் எழுதவில்லை, அன்றைக்குப் பூட்டு நிற்கத்தான் செய்தது.

பூட்டு என்பது பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு. அலகைத் திறந்ததும் அது பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கும். அது நிற்கிறவரைதான் அது கத்தி. என் மனைவி மார்லிஸ் தக்காளிப் பாத்திக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தாள். குழாயில் துளை போட என் கத்தியை வாங்கி, முனையை வைத்து அழுத்தினாள். இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்கிற வேலை. தகடு வழுக்கி, அலகு அவள் விரல்கள் மேலேயே மடங்கிக்கொண்டது. அவள் கத்தவில்லை. “லாயிட், இங்க கொஞ்சம் வா” என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் நடுவிரலும் மோதிர விரலும் உள்பக்கம் திறந்து கிடந்தன.

பாய்ஸி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். ஒரு கோடைக்காலம் முழுக்கக் கட்டும் பயிற்சியுமாகப் போனது. அறுவடை முடிந்து பார்த்தால் அந்த இரண்டு விரலும் பாதிதான் மடங்கின, இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்லிஸ் டவுனில் முடிவெட்டுகிறவள். கத்தரிக்கோலின் வளையத்துக்குள் போகிற விரல் அந்த மோதிர விரல்தான். அவளிடம் முடிவெட்டிக்கொள்ள பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது அவள் கொஞ்ச நேரம் வெட்டினாலே விரல் இழுத்துக்கொள்ளும். அவளுக்கு அழுகை வந்தால் கொல்லைப்பக்கம் போய் கோழிகளைத் திட்டிவிட்டு வருவாள்.

விரல்களைத் தைத்த அந்த வாரமே கத்தியை எடுத்துக்கொண்டு கிர்க்கின் கொட்டகைக்குப் போயிருந்தேன். விளக்கை இழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பூட்டை ஒருமுறைதான் பார்த்தான். தேடவே இல்லை. நேராக அந்த இடத்துக்குப் போனான்.

“தகட்டோட சாய்வை மாத்திட்டாங்க” என்றான்.

“உனக்குத் தெரியுமா?”

“மாதிரி அனுப்புனப்பவே தெரியும். சொன்னேன் லாயிட், சொல்லாம இல்ல. இப்ப மாத்துனா கத்தி இந்த வருஷம் வராது, அடுத்த வருஷமும் நிச்சயமில்லன்னாங்க. எல்லாக் கத்தியிலயும் இந்தக் கோளாறு வராதுன்னாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டேன்.”

“தெரிஞ்சேதான் என் கையில கொடுத்தியா?”

“உன்னோடது நல்லாத்தான இருந்துச்சு. நானே தட்டிப் பாத்துட்டுத்தான கொண்டு வந்தேன்.”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அவனுக்கும் வருத்தம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“பூட்டுல கோளாறு, மார்லிஸ் மேல தப்பில்லன்னு மன்றத்துல ஒரு வரி எழுது. அதுவே போதும். இன்னும் எத்தனை பேரு பையில இது கிடக்கோ.”

“யோசிச்சு எழுதுறேன்” என்றான்.

யோசித்துக்கொண்டே இருந்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு அக்டோபரில் நானே எழுதினேன். விரல்களின் படம், பூட்டின் படம், நடந்தது எல்லாம். முதல் பதிலே கழுத்தைப் பிடித்தது. ‘நண்பரே, முழுக்கப் பிரித்துப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே’ என்று என் பழைய பதிவையே எடுத்து ஒட்டியிருந்தான் ஒருவன். அவனும் புதுக் கத்தியைப் பிரிக்காமல் சோறு தின்னாதவன்தான். அடுத்தவன், திருகை இறுக்கியதில் நீங்கள் ஏதாவது தவறு செய்திருப்பீர்கள் என்றான். மூன்றாமவன், பெண்கள் கையில் ஏன் கொடுத்தீர்கள் என்றான். கம்பெனிக்காரர்கள் பெட்டிக்குள் வைத்த சீட்டை நினைவுபடுத்தினார்கள். கடைசியில்தான் என் தம்பி வந்து என்னை வாடிக்கையாளர் என்று எழுதினான்.

நான் யார் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன ஆகும்? தம்பி கத்தியை அண்ணன் ஒளிந்திருந்து புகழ்ந்தான், இப்போது குடும்பச் சண்டையில் தூற்றுகிறான் என்பார்கள். நான் எழுதியதில் உண்மை எது, புளுகு எது என்று யாரும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கிர்க்குக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைப் போட்டான். அன்றிலிருந்து நான் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. எதிரில் அவன் வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவேன், அவனும் தூக்குவான். இந்தச் சாலைகளில் முன்பின் தெரியாதவனுக்கும் அதைத்தான் செய்வோம்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மார்லிஸைக் கூட்டிப்போக முடிவெட்டும் கடைக்குப் போயிருந்தேன். அவள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போய், கிழவர்களுக்கு எளிதாக வெட்டிவிடுகிறாள். கூட வேலை செய்யும் பெண் அன்றைக்கு மத்தியானமே கிளம்பிவிட்டாள். நான் ஓரமாக உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு கிர்க் வந்தான். என்னைப் பார்த்து வாசலிலேயே ஒரு கணம் நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நாளைக்கு யூஜீன்ல கத்திக் கண்காட்சி மார்லிஸ். இப்பவே கிளம்பணும். புது மேக்பையை அங்கதான் வெளியிடுறாங்க, படமெல்லாம் எடுப்பாங்க. கொஞ்சம் ஒழுங்கு பண்ணி விடு.”

அவன் பிறந்ததிலிருந்து எங்கம்மா வெட்டினாள். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து மார்லிஸ்தான். வேறு யாரிடமும் அவன் தலையைக் கொடுத்ததில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க வெட்டாமல் வளர்த்து வைத்திருந்தான். மார்லிஸ் துணியை உதறி அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். தண்ணீர் தெளித்துச் சீவினாள். வலது காதுப் பக்கம் ஆரம்பித்தாள். அவள் கத்தரிக்கோல் முன்பெல்லாம் நிற்காமல் சத்தம் போடும். இப்போது நாலு வெட்டு, ஒரு நிறுத்தம்.

“நான் சரியா புடிக்கத் தெரியாதவளா கிர்க்?” என்றாள்.

“உன்னைச் சொல்லல மார்லிஸ். பொதுவா எழுதுனது.”

“அந்தக் கை என்னோடதுதான?”

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

“இப்ப வர்றதுல எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு” என்றான். “சாய்வை நான் சொன்ன மாதிரியே வச்சுட்டாங்க. பூட்டு அசையாது.”

“அப்ப போன தடவை அசைஞ்சுது.”

“அப்படி இல்ல…”

“அதைத்தான எழுதச் சொல்றோம். போன தடவை அசைஞ்சுது, இப்ப அசையாது. ரெண்டு வரிதான.”

“எழுதுனா என்னைக் கழட்டி விட்ருவாங்க மார்லிஸ். மறுபடி எவனும் கூப்பிட மாட்டான். நீயே சொல்லு, இத்தனை வருஷம் அந்தக் கொட்டகையிலயே கிடந்தேன்.”

அவள் வலது பக்கத்தை முடித்துப் பின்கழுத்துக்கு வந்தாள். சீப்பை வைத்து நேராக ஒரு கோடு. பாதிக் கழுத்தில் நின்றாள். கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, இடது கையால் வலது கையின் விரல்களைப் பிடித்து நீவினாள். திரும்ப எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

“இன்னைக்கு இவ்ளோதான் வரும்” என்றாள்.

“கொஞ்சம் நேரம் ஆனாலும் பரவால்ல, நான் இருக்கேன்.”

“வராது கிர்க்.”

துணியை அவிழ்த்து முடியை உதறினாள். அவன் எழுந்து கண்ணாடி முன் நின்றான். வலது பக்கம் பள்ளிக்கூடப் பையன் போல ஒழுங்காக இருந்தான், இடது பக்கம் முடி காதை மூடித் தொங்கியது. விரல் நிஜமாகவே இழுத்துக்கொண்டதா, அவளாக நிறுத்தினாளா, எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கிர்க் தொப்பியை எடுத்துத் தலையில் இழுத்து மாட்டிக்கொண்டான். “சரி” என்றான், யாரிடம் என்று தெரியவில்லை. அவன் போன பிறகு மார்லிஸ் தரையைப் பெருக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மன்றத்தைத் திறந்தேன். கண்காட்சிப் படங்கள் வந்துவிட்டன. கம்பெனிக்காரர் ஒருவர் தோளில் கைபோட்டிருக்க, கிர்க் புது மேக்பையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தலையில் தொப்பி. இடது காதை மூடி முடி பிதுங்கிக்கொண்டிருக்கிறது. கீழே நூற்றுக்கும் மேல் கருத்துகள், ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் பார்த்திருந்தார்கள். பூட்டு இரும்புக் கதவு மாதிரி நிற்கிறது என்று ஒருவர். முதலில் வந்ததில் ஏதாவது குறையா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ‘குறை ஒன்றும் இல்லை, மேலும் மெருகேற்றியிருக்கிறோம்’ என்று பதில் சொல்லியிருந்தான் கிர்க்.

மார்லிஸ் கையை நீட்டினாள், கைபேசியைக் கொடுத்தேன். பதில்களைப் படிக்கவில்லை. கைபேசியை மேஜைமேல் வைத்து, படத்தை இரண்டு விரலால் விரித்தாள். பெரிதாகப் பெரிதாகக் கம்பெனிக்காரரின் கை போயிற்று, கத்தி போயிற்று, தம்பியின் சிரிப்பும் போயிற்று. வலது காதும் அதன் மேல் வளைந்து இறங்கும் முடியின் ஓரமும் மட்டும் திரையில் நின்றன. அவள் குனிந்து, ஒரு முடிகூடப் பிசகாமல் தான் வெட்டிய அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.