கூட்டிச் சொன்ன விலை

என் மகளின் ஒரு காதின் விலை இருபத்தெட்டு இலட்சம் ரூபா. சோடியாக எடுத்தால் கழிவு ஏதும் உண்டா என்று கேட்டேன். பதுளை பஸாரில் அண்ணனோடு கூட்டாகத் துணிக்கடை வைத்திருப்பவனின் வாய்க்கு அப்படித்தான் கேட்கத் தெரியும். காது டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கழிவு இல்லை என்று விளங்கிக்கொண்டேன்.

இஸ்ராவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அப்போது அவளுக்கு வயது நாலும் நாலு மாதமும். காதுக்குள்ளே சத்திரசிகிச்சை செய்து ஒரு கருவியைப் பதிப்பார்கள். வெளியே காதுக்குப் பின்னால் இன்னொரு துண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தம் மூளைக்குப் போகும். ஆனால் மூளை அதைப் பழகுவதெல்லாம் சின்ன வயதில்தான். "ஒவ்வொரு மாசமும் போனா போனதுதான். திரும்ப வாங்க ஏலாது," என்றார் டொக்டர்.

இருபத்தெட்டையும் கட்ட அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதியில் வழி இருந்தது. ஒரு காதுக்கு மட்டும். நிபந்தனையும் ஒன்றுதான்: முடிவு எழுதும் நாளில் பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. நிரம்பியிருந்தால் பாதிதான் கிடைக்கும். இரண்டு மாதத்தில் முடிவு வந்துவிடும் என்றார்கள். எங்கள் கையில் எட்டு மாதம் இருந்தது. நான் கவலைப்படவில்லை.

விண்ணப்பத்தோடு, கருவி என்ன விலை என்று விற்கும் கம்பெனி எழுதித் தரும் கொட்டேஷனையும் இணைக்க வேண்டும். கம்பெனியின் ஊவா ஏஜென்ட் றிகாஸ் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துப் பொடியன். கடைக்கே வந்து, துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, இருபத்தெட்டு என்று எழுதப் போனான்.

"முப்பத்தெட்டுப் போடு," என்றேன்.

"என்னத்துக்கு, மிப்ரான் நானா? வெல இருபத்தெட்டுத்தானே."

"வெட்டுவான்டா. இருபத்தெட்டுக் கேட்டா இருபது தருவான். முப்பத்தெட்டுக் கேட்டாத்தான் இருபத்தெட்டுக்கு வந்து நிப்பான்."

நான் வளர்ந்த உலகத்தில் இது களவு இல்லை, மரியாதை. ஆயிரத்து எண்ணூறு ரூபா சாரிக்கு மூவாயிரம் சொல்வோம். வாங்க வந்தவள் ஆயிரம் என்பாள். நான் நெஞ்சில் கை வைப்பேன். அவள் எழுந்து வாசல் வரை போவாள், நான் கூப்பிடுவேன். கடைசியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முடியும். அவள் என்னை வென்ற சந்தோஷத்தில் போவாள். நான் தோற்ற முகத்தோடு நூறு ரூபாயைக் கல்லாவில் போடுவேன். உள்ள விலையை முதலில் சொல்பவனை எங்கள் பஸாரில் எவனும் நம்ப மாட்டான்.

என் மனைவி றிப்னா மொனராகலைக்காரி, வாத்தியார் மகள். றிகாஸ் முப்பத்தெட்டு என்று எழுதிய தாளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"உள்ள வெலயப் போடுங்களேன். இது புள்ளட காது, சாரியில்ல."

"அரசாங்கமும் வாங்கிற ஆள்தான் றிப்னா. வாங்கிற ஆள் வெட்டுவான்."

"வெட்டாட்டி?"

"வெட்டாட்டிப் பத்து லச்சம் லாபம்," என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரி கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெயந்தினியைக் கண்டேன். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். சம்பளத்துக்கு மறுநாள் எங்கள் கடைக்கு வருவாள். என்னிடம் ஒரு தடவையாவது விலை பேசியதில்லை. நான் சொல்லும் விலை பிடித்தால் காசை எடுப்பாள், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டுவாள். அவள் மகன் கிருஷாந்துக்கும் இஸ்ராவின் குறைதான். கையில் அதே விண்ணப்பம்.

"எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரரு எழுதிக் குடுத்ததத்தாங்க மொதலாளி. இருபத்தெட்டு."

"வெட்டுவாங்க தங்கச்சி. பத்துக் கூட்டிப் போட்டுத் தரச் சொல்லி வாங்குங்க. நான் றிகாஸிட்டச் சொல்றேன்."

"வேணாங்க. மலையில கொழுந்து நிறுக்கிறப்ப தராசு என்ன சொல்லுதோ அதுதான் துண்டுல ஏறும். அவங்க ரெண்டு கிலோ கழிப்பாங்க, அது வேற. கூட்டிச் சொல்ல நமக்கு ஏதுங்க வாயி?"

"அதாலதான் உங்கள ஏமாத்துறாங்க."

"ஏமாத்துறாங்கதாங்க," என்றாள் அவள், மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "ஆனா பொய் சொன்னோம்னு எங்க பேர வேலையிலருந்து வெட்டுனதில்ல."

அவளை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அன்று மாலை இந்தக் கதையைக் கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தேன்.

மே மாதம் இரண்டு விண்ணப்பங்களும் போயின. ஜூலையில் எனக்குக் கடிதம் வந்தது. சிங்களத்தில் ஒரு பக்கம், தமிழில் அரைப் பக்கம். விலை வழமைக்கு மாறாக இருப்பதால் கோப்பு விசாரணைக் குழுவுக்கு அனுப்பப்படுகிறதாம். வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பேரத்துக்குப் போகிற உற்சாகத்தோடு, வெள்ளைச் சட்டை போட்டு, இரவு ரயிலில் கொழும்புக்குப் புறப்பட்டேன்.

காப்புறுதி அலுவலகத்தில் என் கோப்பை வைத்திருந்த அதிகாரிப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சிங்களத்தில் பேசினோம். எனக்குச் சிங்களத்தில் விலை பேசுவது தமிழை விடச் சுகம்.

"மிஸ், முப்பத்தெட்டு உங்களுக்குக் கஷ்டமென்றால் சொல்லுங்கள். முப்பத்திரண்டுக்கு முடிப்போம்," என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "மாத்தயா, நாங்கள் இங்கே விலை பேசுவதில்லை. எங்களிடம் விலைப் பட்டியல் இருக்கிறது. இந்தக் கருவி இருபத்தெட்டு. பட்டியலில் உள்ளதைக் கேட்டால் இங்கேயே கையெழுத்து. கூட்டிக் கேட்டால், ஏன் கூட்டிக் கேட்டார்கள் என்று குழு பார்க்க வேண்டும்."

"அப்படியென்றால் இருபத்தெட்டு. இப்போதே எழுதித் தருகிறேன்."

"எழுதித் தாருங்கள். அதையும் கோப்பில் போடுகிறேன். ஆனால் குழு கூடும் வரை அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை."

"குழு எப்போது கூடும்?"

"மூன்று மாதத்துக்கு ஒரு தடவை."

கெஞ்சினேன். அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது, மேசையில் படம் இருந்தது. இரக்கப்பட்டாள், தேத்தண்ணி வரவழைத்தாள். நான் வாசல் வரை போனேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து றிப்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சத்தத்துக்கு மறுசத்தம் என்னிடம் எப்போதும் கையிருப்பில் உண்டு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாதவள் அதன் பிறகும் சொல்லவில்லை. சோறு வைப்பாள், சட்டையை மடித்து வைப்பாள், இஸ்ராவின் தலையை வாருவாள். என்னோடு பேச்சு மட்டும் இல்லை.

கடையில் பகல் முழுக்க என் வாய் ஓயாது. தமிழில் சிரிக்க வைப்பேன், சிங்களத்தில் குழைவேன், தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசுவேன். மாலை கதவை இழுத்துப் பூட்டிவிட்டு மேட்டுப் பாதையில் ஏறி வீட்டுக்கு வந்தால், அங்கே இரண்டு பேர். ஒருத்திக்கு நான் சொல்வது கேட்காது. மற்றவளுக்குக் கேட்கும், பதில் வராது. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வாயாடி. சில நாள் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிற்பேன், வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டுமென்று.

ஜெயந்தினிக்குப் பத்து வாரத்தில் கையெழுத்தாகி, ஆகஸ்ட்டிலேயே மகனுக்குச் சத்திரசிகிச்சையும் முடிந்திருந்தது. ஒக்டோபரில் கிருஷாந்தோடு கடைக்கு வந்தாள். பையனின் காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் அந்தத் துண்டு. ஓடினால் கழன்று விழுகிறதாம். தலையைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டி தைக்க வேண்டும், வெள்ளைப் பொப்ளினில் அரை மீட்டர் போதும் என்றாள்.

"பேச்சு வருதா?" என்று கேட்டேன்.

"எங்கங்க. பதினைஞ்சு நாளைக்கொருக்கா பயிற்சிக்குக் கண்டிக்குப் போகணும். போற அன்னைக்குப் பேரு விழாது, சம்பளம் இல்ல. பசுவ வித்துத்தான் போய் வாறோம். இப்பத்தான் சத்தம் வந்தா ஒரு பக்கமாத் திரும்புறான்."

துணியைக் கத்தரியால் ஓரம் வெட்டி, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தேன். இருபத்தைந்து வருடமாகக் கிழிக்கிறேன். அதில் ஒரு சத்தம் இருக்கிறது என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கிருஷாந்த் வெடுக்கென்று திரும்பினான். என் கையைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். இன்னொரு தடவை கிழி என்பதுபோல் வாயைத் திறந்து நின்றான். இஸ்ரா என் காலடியில் நூல்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"எவ்வளவுங்க?" என்றாள் ஜெயந்தினி.

"எடுத்துட்டுப் போங்க தங்கச்சி."

"வேணாங்க, வெலயச் சொல்லுங்க."

"தொண்ணூறு," என்றேன். அது உள்ள விலை. அவள் நூறு ரூபாத் தாளைத் தந்தாள். மீதிப் பத்தைக் கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளினிக்கில் நான் சொன்ன புத்தியை அவள் மறந்திருக்க மாட்டாள். அதைச் சொல்லிக் காட்டாமல் போனாளே, அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த மாதம் கூட வேண்டிய குழு, ஆட்கள் வராததால் கூடவில்லை. அடுத்தது ஜனவரி இருபத்திரண்டு. இஸ்ராவின் ஐந்தாவது பிறந்த நாள் ஜனவரி ஒன்பது. நான் யார் யாரையோ பிடித்தேன். பதுளையில் என் வாயால் நடக்காத காரியம் இல்லை என்று பேர். கொழும்பில் அந்தப் பேர் செல்லவில்லை.

ஜனவரி ஒன்பது காலையில் றிப்னா வட்டிலப்பம் செய்து பிள்ளைக்கு ஊட்டினாள். வழக்கமாகப் பிறந்த நாள் வந்தால் வீட்டில் சிரிப்பு இருக்கும். அன்று பிள்ளை மட்டும் சிரித்தாள்.

குழு கூடிய பிறகு கடிதம் வந்தது. கெட்ட எண்ணம் காணப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். வயது நிரம்பியதால் பாதி: பதினாலு இலட்சம். பதின்மூன்று நாள் தவறிப் போயிருந்தது.

என் அண்ணன் றுஷ்தியிடம் போனேன். கடையில் என் பாதியைப் பதினொன்றுக்குக் கேட்டார். சந்தையில் அது பதினைந்து பெறும். வியாபாரிக்கு வியாபாரி, நான் இருபது சொல்லித் தொடங்குவேன் என்று எதிர்பார்த்து வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"சரி," என்றேன்.

அவருக்கே பயம் வந்துவிட்டது. "டேய், ஒனக்கு ஒடம்பு சரியில்லயா?"

"நல்லா ஈக்கிறேன் நானா. காசு வெள்ளிக்கிழமைக்கு முன்னுக்கு வேணும்."

றிகாஸும் அப்படித்தான் முழித்தான். "மிப்ரான் நானா, ஒண்டும் கொறைக்கச் சொல்லலயா?"

"இல்ல. பில்லப் போடு."

மார்ச்சில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. காயம் ஆறியதும் கருவியை முடுக்கினார்கள். முதல் சத்தம் வாப்பாவின் குரலாக இருக்கட்டும் என்றாள் பேச்சுப் பயிற்சியாளர். நான் ரயிலில் வந்த பத்து மணி நேரமும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். கதை, பாட்டு, நாலு பகிடி. கடைசியில் "இஸ்ரா" என்று மட்டும் வந்தது. பிள்ளை திடுக்கிட்டு, காதுத் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"பரவாயில்ல, அழுதா கேக்குதுண்டு அர்த்தம்," என்றாள் பயிற்சியாளர். பிறகு என்னைப் பார்த்து விரலை உயர்த்தினாள். "நீங்க நிறையப் பேசுற ஆள் போல. ஒரு நேரத்துல ஒரு சொல்தான். அதையே நூறு தரம்."

கருவியை முடுக்கி இப்போது ஆறு வாரம். அண்ணனின் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறேன். மாலையில் வந்து இஸ்ராவுக்கு முன்னால் உட்கார்ந்து "பந்து" என்கிறேன். பந்து. பந்து. அவள் என் உதட்டைப் பார்க்கிறாள், இன்னும் காதை நம்பவில்லை. ஐந்து வயதுக்கு முன்னால் பதித்த பிள்ளைகள் இந்நேரம் திரும்பிப் பார்க்கும் என்கிறார்கள். இவளுக்கு நாளாகுமாம். எவ்வளவு நாள் என்று எவரும் உள்ளதைச் சொல்வதில்லை. றிப்னா அடுப்படியிலிருந்து, "இஸ்ரா, வாப்பாக்குச் சோறு போடவா எண்டு கேளுங்க," என்கிறாள். பிள்ளைக்கு அவ்வளவு நீளம் விளங்காது. நான் பதில் சொல்கிறேன், பிள்ளையைப் பார்த்தே.

பங்கைப் பிரித்த கையோடு, காசு எங்கே போனது என்று கணக்கை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டிருந்தார். அவருக்கு ஒரு பிரதி, எனக்கு ஒன்று. என்னுடையதில் அடியில் ஒரு வரி கூட.

காப்புறுதி தந்தது: பதினாலு இலட்சம்.
கடைப் பங்கு: பதினொரு இலட்சம்.
றிப்னாவின் காப்பு நாலு விற்றது: இரண்டு இலட்சம்.
கையிலிருந்தது: ஒரு இலட்சம்.
மொத்தம்: இருபத்தெட்டு இலட்சம். கருவிக்குக் கட்டியது: இருபத்தெட்டு இலட்சம். மீதி இல்லை.

இஸ்ராவிடமிருந்து எடுத்தது, ஆகஸ்ட் முதல் மார்ச் வரை: ஏழு மாதம். திருப்பிக் கொடுத்தது: இல்லை.