சந்தனம் பூசிய அரம்

என் அண்ணன் பாலனுக்குப் பொறுமை கிடையாது. குளிக்கப் போனால் பாதி முதுகு நனையாமலே வந்துவிடுவான். அப்படிப்பட்டவனைத்தான் அப்பா கோலாலம்பூரில் ஒரு தொழிற்பள்ளியில் சேர்த்தார், அரம் பிடித்து இரும்பை மயிரிழை மயிரிழையாக ராவக் கற்றுக்கொள்வதற்கு.

முதல் வருஷப் பரீட்சைக்கு ஒரே ஒரு சாமான்தான். இரும்புத் தகட்டில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். அதற்குள் கச்சிதமாக உட்காரும்படி ஒரு சதுர இரும்புக் கட்டையை ராவ வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. பாலன் ஏற்கெனவே இரண்டு கட்டைகளை அவசரத்தில் ராவித் தள்ளியிருந்தான். அவை ஓட்டைக்குள் கிலுகிலுப்பை போல ஆடின.

"நீ ராவுறியா, தேங்கா துருவுறியா?" என்று கேட்டாராம் பட்டறை வாத்தியார் அம்புரோஸ். "இது மூணாவது கட்டை. இதுவும் போச்சுன்னா பேரை வெட்டிடுவேன்."

பேரை வெட்டினால் பாலன் போக வேண்டிய இடம் தயாராக இருந்தது. செமினியில் மாமா கங்காணியாக இருந்த ரப்பர் தோட்டம். மாமா எப்போது வந்தாலும் பாலனின் கையைப் பிடித்துப் பார்த்து, "பால்மரம் வெட்ட ஏத்த கைடா" என்பார். பாலன் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வான்.

அதனால் மூன்றாவது கட்டையை அவன் கொஞ்சம் கனமாகவே விட்டுவைத்திருந்தான். கடைசி ராவலைப் பரீட்சை நாளில் வாத்தியார் கண் முன்னால் செய்ய வேண்டும். முந்தின நாள் ஆயுத பூசை வந்தது. சாமி கும்பிட்டு வைத்தால் கை நடுங்காது என்று, கட்டையையும் தகட்டையும் அரத்தையும் துணியில் சுற்றி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அரிவாள்மனை, அப்பாவின் கை விளக்கு, என் ஊசி டப்பா எல்லாம் பலகையில் ஏறின. மற்றவற்றுக்கு ஒரு பொட்டு. கட்டைக்கும் அரத்துக்கும் மட்டும் சந்தனத்தை வழித்து அப்பினாள். "பரீட்சைக்குப் போற அரம்லா!" என்றாள்.

தீபாராதனை முடிந்து சோறு போடும்போதுதான் பாலன் வாயைத் திறந்தான்.

"நாளைக்கு எட்டு மணிக்குப் பரீட்சைப்பா. ஏழுக்கெல்லாம் எடுத்துட்டுப் போயிருவேன்."

"எத?"

"அரத்தத்தான்."

அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்திருந்தார். மறுபூசைக்கு நல்ல நேரம் ஒன்பது மணி. அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை.

"சிக்னல் விழாம வண்டி கிளம்புமாடா? பூசையில வச்ச ஆயுதத்த மறுபூசைக்கு முன்னாடி எடுத்தா கை போயிரும்."

"எடுக்கலேன்னா பேரு போயிரும்பா!"

"கை இருந்தா வேற பேரு வாங்கிக்கலாம்."

விடிந்தும் அப்பா மனம் இறங்கவில்லை. பாலன் மீன் சட்டிக்கு முன்னால் பூனை உட்கார்ந்த மாதிரி பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் பதில் தொண்டையைத் தாண்டாது என்பதற்காகவே நின்றுவிட்டவள். அப்பாவிடம் பேச எனக்கு ஏது தைரியம்? அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன்.

அம்மா அதை வீடு அதிரச் சொன்னாள். "ஏங்க! பலகையிலேருந்துதான எடுக்கக் கூடாது? பலகையோட தூக்கிட்டுப் போனா என்ன?"

அப்பா மோவாயைத் தடவினார். "அதையேதான் நானும் யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

ரிக்‌ஷாவில் அம்மாவின் மடியில் பலகை, அதில் சரஸ்வதி படம், எரிகிற விளக்கு. பக்கத்தில் சுண்டல் சட்டியோடு நான். அப்பா விளக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். வண்டி இழுத்த சீனரிடம், "பெலான்! பெலான்!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினார். முன்னால் ஓடிய பாலன் திரும்பி நின்று, "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று கத்தினான். அந்தச் சீனர் இருவர் பேச்சையும் கேட்கவில்லை.

பட்டறைக்குள் நாங்கள் நுழைந்ததும் அத்தனை அரமும் நின்றுபோயின.

"பாலா, கட்டையைக் கொண்டான்னா கோயிலையே கொண்டாந்துட்டியா?" என்றார் அம்புரோஸ் வாத்தியார்.

"ஒம்பது மணிக்கு இறக்கிருவோம் சார்" என்றார் அப்பா.

"எட்டுக்கே பரீட்சை தொடங்கியாச்சு. பன்னெண்டு மணி அடிச்சா நிறுத்திருவேன்."

"அது போதும் சார். என் பையன் எதையும் வேகமாச் செய்வான்" என்றார் அப்பா பெருமையாக.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் வேதக்காரர் என்பதால் சுண்டலை நீட்டலாமா என்று அம்மா தயங்கினாள். "கடலைக்கு என்னம்மா மதம்?" என்று அவரே வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குச் சூடம் காட்டி அப்பா கட்டையை எடுத்துக் கொடுத்தார். பாலன் சந்தனத்தை வழித்தான். அடியில் கட்டை செங்கல் நிறத்தில் இருந்தது.

"குங்குமம் ஊறியிருக்கு" என்றாள் அம்மா.

"குங்குமம் இல்லம்மா, துரு" என்றார் வாத்தியார். "ஈரச் சந்தனத்த ராத்திரி பூரா பச்சை இரும்புல வச்சா வேற என்ன ஆகும்?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாலன் மண்ணெண்ணெய்த் துணியால் கட்டையைத் துடைத்து வைஸ் இடுக்கியில் இறுக்கினான். அரத்தை எடுத்து, வழக்கம்போல மாடு மாதிரி தள்ளினான். அரம் வழுக்கிக்கொண்டு போனது. அதன் பல்லுக்குள்ளெல்லாம் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. பாலன் கம்பித் தூரிகையைத் தேடினான்.

"அதத் தேய்க்காதடா, பூசச் சந்தனம்!" என்று அம்மா அலறினாள்.

வாத்தியார் வாயில் இருந்த கடலையை விழுங்கிவிட்டு, "விடு. அதோடயே ராவு" என்றார்.

பாலன் ராவினான். அழுத்தினால் வழுக்கியது, நிதானமாகத் தள்ளினால் மட்டும் கடித்தது. தள்ளத் தள்ள மாவு மாதிரி கொஞ்சம் தூள் விழுந்தது, அவ்வளவுதான். அவசரப்படுவதற்கு அங்கே வழியே இல்லை. அவன் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "வேகமாடா! வேகமா!" என்று கத்தி, வாத்தியாரிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

மணி அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது கட்டை ஓட்டைக்குள் இறங்கியது. திருப்பிப் போட்டான், இறங்கியது. நான்கு பக்கமும் இறங்கியது. வாத்தியார் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கண்ணை மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"துருவுக்கு மார்க் குறைப்பேன். ஆனா பாஸ்."

"தாயே சரஸ்வதி!" என்று அப்பா குடையோடு கும்பிட்டார்.

"நைசா ராவணும்னா அரத்துல சாக்குக்கட்டி தேய்க்கணும்னு வருஷம் பூராச் சொன்னேன். இவனுக்கு அதுக்குப் பொறுமை இல்ல" என்றார் வாத்தியார். "அந்த வேலையச் சந்தனம் செஞ்சிருக்கு."

அம்மா காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். தரையிலிருந்து எழுந்து சேலையை உதறினாள்.

"அடுத்த வருஷம் எதுல சார் பரீட்சை?"

"கடைசல் மெஷின்ல" என்று வாத்தியார் பட்டறைக் கோடியைக் காட்டினார். அங்கே ஆள் நீளத்துக்கு மேல் ஒரு மெஷின் நின்றது. "அத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதும்மா."

அம்மா போய் அதைச் சுற்றி வந்தாள். எங்கெங்கே பொட்டு வைக்கலாம் என்று பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"அதனால என்ன சார்?" என்றாள். "நாங்க முதல் நாளே இங்க வந்துடுறோம்."